கடைகள் மாறின, பத்திரம் மாறவில்லை

ஒரு கடைவீதிக்குப் பத்து ஆண்டுகள் கழித்துப் போனால் பாதிப் பெயர்ப் பலகைகள் மாறியிருக்கும். டெய்லர் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மளிகைக் கடை இருந்த இடத்தில் மருந்துக் கடை. நாம் பலகையைப் பார்க்கிறோம்; பழைய கடைக்காரர் எங்கே போனார் என்று பக்கத்தில் விசாரிக்கிறோம். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள மனைகளின் பத்திரங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க நல்ல இடம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மிசௌரி மாநிலம் கன்சாஸ் சிட்டி நகரத்தில் உள்ள 'கன்ட்ரி கிளப் பிளாசா' என்ற திறந்தவெளி வணிக வளாகம் அது. கார் வைத்திருப்பவர்கள் வந்து போவதற்காகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் புறநகர்க் கடைத்தொகுதி என்று நகர அமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். வயது நூறைத் தாண்டிவிட்டது.

அமெரிக்கக் கடைவீதி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்த அம்பேத்கர், 1946ல் அங்குள்ள கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளிக்கும் மனுவின் பிரதி தனக்கு வேண்டும் என்று கேட்டார். அவர்கள் கதையை நாமும் நம் கதையை அவர்களும் படிக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

சேற்று நிலத்தில் ஒரு கடைவீதி

ஜே.சி. நிக்கோல்ஸ் 1880ல் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டியின் தெற்கே மனை பிரித்து வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கினார். 'கன்ட்ரி கிளப் டிஸ்டிரிக்ட்' என்று பெயரிட்ட அவருடைய குடியிருப்புகள் சில ஆயிரம் ஏக்கருக்கு விரிந்தன. அகலமான சாலை, நிழல் தரும் மரம், சிலைகள், நீரூற்றுகள் என்று நாடு முழுவதும் பேர் பெற்றன.

அந்த வீடுகளில் குடியிருப்போருக்குக் கடை வேண்டும். பிரஷ் கிரீக் என்ற ஓடையை ஒட்டிய தாழ்வான, சேறு நிறைந்த நிலத்தை நிக்கோல்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். 1922ல் திட்டத்தை அறிவித்தார்; 1923ல் முதல் கட்டடம் திறந்தது. நகர மையத்திலிருந்து இவ்வளவு தள்ளி வந்து யார் சாமான் வாங்குவார்கள் என்று பலர் சிரித்தார்கள். 'நிக்கோல்ஸின் முட்டாள்தனம்' என்று பெயரே வைத்தார்கள்.

சிரித்தவர்கள் காரைக் கணக்கில் எடுக்கவில்லை. நிக்கோல்ஸ் எடுத்தார். தெருக்களை அகலமாகப் போட்டார்; கார் நிறுத்த இலவச இடம் ஒதுக்கினார். கட்டடங்களை எட்வர்ட் பியூலர் டெல்க் என்ற கட்டடக் கலைஞர் ஸ்பெயின் நாட்டுப் பாணியில் ஓடு வேய்ந்து, கோபுரம் வைத்து வடிவமைத்தார். மளிகை, மருந்துக் கடை, அழகு நிலையம், பெட்ரோல் பங்க் என்று அன்றாடத் தேவைக்கான கடைகளே முதலில் வந்தன. 1928ல் திரையரங்கு வந்தது.

வளாகம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் நிறுவனத்தின் முடிவு. வாடகையிலும் ஒரு கணக்கு உண்டு. மாதம் இவ்வளவு என்பதோடு நிற்காமல், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாங்கும் முறையைப் பெரிய அளவில் முதலில் கையாண்டவர்களில் நிக்கோல்ஸ் ஒருவர். கடை நன்றாக ஓடினால் நில உரிமையாளருக்கும் லாபம். சரியாக ஓடாத கடை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு நட்டம். அதை அனுப்பிவிட்டு வேறொன்றைக் கொண்டு வருவார். இன்று உலகம் முழுவதும் மால்களில் கடைகள் அடிக்கடி மாறுவதற்கு இந்த வாடகைக் கணக்கும் ஒரு காரணம்.

பத்திரத்தில் ஒரு வரி

இதுவரை சொன்னது தொழில் சாமர்த்தியம். இனிச் சொல்வது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

கடைவீதியைச் சுற்றி நிக்கோல்ஸ் விற்ற மனைகளின் பத்திரங்களில் பல நிபந்தனைகள் இருந்தன. வீட்டை இவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், இந்தத் தொகைக்குக் குறைவாகக் கட்டக் கூடாது என்பவற்றோடு இன்னொரு வரியும் இருந்தது. இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது. அவர்கள் உரிமையாளராகவோ வாடகைக்கோ இங்கே குடியிருக்கக் கூடாது என்றது அந்த வரி.

இப்படி எழுதியவர் நிக்கோல்ஸ் ஒருவர் மட்டும் இல்லை. அமெரிக்கா முழுவதும் இந்தப் பழக்கம் இருந்தது. ஆனால் அதற்கு அவர் ஒரு பூட்டுப் போட்டார். மற்ற இடங்களில் இருபது, முப்பது ஆண்டுகளில் நிபந்தனை தானாகக் காலாவதியாகிவிடும். நிக்கோல்ஸ் பகுதியில் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நீக்க வேண்டுமானால், காலக்கெடு முடிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெரும்பான்மை உரிமையாளர்கள் கூடிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். யார் கூடுவார்கள்? எவரும் எதுவும் செய்யாமல் இருந்தாலே தடை தொடர்ந்தது.

அரசும் துணை நின்றது. வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர 1934ல் தொடங்கப்பட்ட மத்திய வீட்டுவசதி நிர்வாகம், இத்தகைய நிபந்தனைகள் இருப்பது நல்லது என்று தன் 1938ஆம் ஆண்டுக் கையேட்டில் பரிந்துரை செய்தது. வெள்ளையர் பகுதிக்குக் கடன் எளிதாகக் கிடைத்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிக்குக் கதவு அடைக்கப்பட்டது. நாடெங்கும் இருந்த இந்தப் பத்திரங்களில் பலவற்றில் ஒரு விதிவிலக்கும் இருந்தது: வீட்டு வேலை செய்பவர் என்றால் கறுப்பினத்தவர் தங்கலாம். உழைப்பு வேண்டும், அண்டை வீட்டுக்காரராக வேண்டாம். இதற்கு விளக்கம் நம் வாசகர்களுக்குத் தேவைப்படாது.

கன்சாஸ் சிட்டியில் ட்ரூஸ்ட் அவென்யூ என்று ஒரு நீண்ட சாலை உண்டு. அதற்கு மேற்கே வெள்ளையர், கிழக்கே கறுப்பினத்தவர் என்று நகரம் இரண்டாகப் பிரிந்தது. பிளாசா மேற்கே இருக்கிறது. கடை வாசலில் 'உள்ளே வராதே' என்று எழுதி மாட்டினார்களா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. நடந்து வரும் தூரத்தில் யார் குடியிருக்கலாம் என்பதைப் பத்திரமே முடிவு செய்துவிட்டது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

இதே மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜே.டி. ஷெல்லி என்ற கறுப்பினத்தவர் 1945ல் மனைவி மக்களோடு ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார். பத்திரத்தில் தடை இருக்கிறது, காலி செய்ய வேண்டும் என்று அதே தெருவில் சொத்து வைத்திருந்த கிரேமர் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஷெல்லிக்காக வாதாடிய ஜார்ஜ் வான், அடிமையாக இருந்த ஒருவரின் மகன். வழக்கை அவர் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்.

1948 மே 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் விலகிக்கொள்ள, மீதி ஆறு பேரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். இப்படி ஒரு நிபந்தனையை அமல்படுத்த எந்த நீதிமன்றமும் உத்தரவிடக் கூடாது என்றார்கள்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வரியை எழுதுவதே குற்றம் என்று தீர்ப்பு சொல்லவில்லை. நீதிமன்றம் கைகொடுக்காது என்று மட்டுமே சொன்னது. எனவே பத்திரங்களில் அந்த வரி அப்படியே கிடந்தது. வீட்டுத் தரகர்கள் அதை வாய்வழியாக நடைமுறைப்படுத்தினார்கள். இன, நிற அடிப்படையில் வீடு மறுப்பது சட்டவிரோதம் என்று ஆனது 1968 ஏப்ரலில்தான். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள் நிறைவேறிய சட்டம் அது.

வாங்கலாம், உட்காரக் கூடாது

கடைகளுக்குள் நிலைமை எப்படி இருந்தது? கன்சாஸ் சிட்டியின் மையப் பகுதியில் இருந்த பெரிய கடைகளில் கறுப்பினத்தவர் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். பணத்தைக் கடைக்காரர் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வார். அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

1958 கிறிஸ்துமஸ் வியாபார நேரத்தில் கறுப்பினப் பெண்கள் இந்தக் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். மக்களிடம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, 1959ல், கடைகள் இறங்கி வந்து சிற்றுண்டிப் பகுதியைத் திறந்துவிட்டன.

1962ல் லியோன் ஜோர்டான், புரூஸ் வாட்கின்ஸ் ஆகிய இருவரும் 'ஃபிரீடம்' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார்கள். பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்ற நகரச் சட்டம் 1964 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இந்த அமைப்பு கறுப்பினக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் ஓட்டுத் திரட்டியது. சட்டம் மிகக் குறுகிய வித்தியாசத்தில் வென்றது. திரண்டு வந்த அந்த ஓட்டுகள் இல்லையென்றால் தோற்றிருக்கும்.

பலகைகள் மாறிய கதை

நிக்கோல்ஸ் 1950ல் இறந்தார். மகன் மில்லர் நிக்கோல்ஸ் பொறுப்பேற்றார். 1947ல் சியர்ஸ் என்ற பெரிய சங்கிலிக் கடை பிளாசாவுக்கு வந்திருந்தது. 1967ல் ஸ்பெயினின் செவில் நகரத்துக் கோபுரத்தைப் பாதி அளவில் பார்த்துக் கட்டினார்கள். சியர்ஸ் போன பின், அந்தக் கட்டடம் 1977ல் 'செவில் ஸ்கொயர்' என்ற சிறு கடைகளின் தொகுதியானது.

அதே 1977 செப்டம்பர் 12ஆம் தேதி பெருமழை. ஓடையின் வெள்ளம் பிளாசாவுக்குள் புகுந்தது. நகரில் 25 பேர் இறந்தார்கள். சேற்றைக் கழுவிக் கடைகள் மறுபடி திறந்தன. ஆனால் அந்தக் காலகட்டத்தில் வளாகத்தின் முகம் மாறிக்கொண்டிருந்தது. மளிகையும் பெட்ரோல் பங்கும் விலகின. நாடெங்கும் கிளை வைத்திருக்கும் விலையுயர்ந்த கடைகள் வந்தன. 1928ல் திறந்த திரையரங்கு பின்னாளில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடையானது.

உரிமையும் கைமாறியது. 1998ல் நிக்கோல்ஸ் நிறுவனத்தை வெளியூர் நிறுவனம் ஒன்று வாங்கியது. 2016ல் பிளாசா 66 கோடி டாலருக்கு விலைபோனது. ஆன்லைன் வியாபாரமும் கரோனாவும் வந்தன, கடைகள் காலியாகின. வாங்கியவர்கள் 29.5 கோடி டாலர் கடனைக் கட்ட முடியாமல் போனார்கள். 2024ல் டல்லஸ் நகரத்து உரிமையாளர்கள் சுமார் 17.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். எட்டு ஆண்டுகளில் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்றைப் பார்க்க வேண்டும். கடை வாடகைக்கு எடுக்க முன்பணம் வேண்டும், சரக்குப் போடப் பணம் வேண்டும், வங்கிக்குக் காட்ட ஈடு வேண்டும். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தின் ஈடு என்பது வீடு. தாத்தா மலிவாக வாங்கிய வீட்டின் மதிப்பு உயர உயர, அது மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் ஆகிறது. பேரனுக்குக் கடை முதல் ஆகிறது. ட்ரூஸ்டுக்கு மேற்கே இருந்த குடும்பங்களுக்கு இப்படித்தான் நடந்தது. கிழக்கே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கடனும் இல்லை, மதிப்பு உயரும் வீடும் இல்லை. ஆக, 1920களில் எழுதிய வரி, அந்த வரி செல்லாது என்று ஆன பிறகும், யாரால் கடை வைக்க முடியும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டே இருந்தது.

2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது, கன்சாஸ் சிட்டியின் போராட்டக்காரர்கள் கூடிய இடம் பிளாசாவின் ஓரத்தில் உள்ள நிக்கோல்ஸ் நீரூற்று. அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, நகரப் பூங்கா வாரியம் நீரூற்றிலிருந்தும் அருகிலுள்ள சாலையிலிருந்தும் நிக்கோல்ஸ் பெயரை நீக்கியது. பெயர் போனது நல்லது. ஆனால் பெயரை எடுப்பதால் கிழக்குப் பக்கத்துப் பேரனுக்குக் கடை முதல் வந்துவிடாது.

பத்து டாலர், 36 மாதம்

முதல் இல்லாதவர்கள் என்ன செய்ய முடியும்? இதே கேள்விக்குக் கிழக்குக் கடற்கரைப் பக்கம் உள்ள பிலடெல்பியா நகரில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே சயான் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகராக இருந்தவர் லியோன் சல்லிவன். 1960ல் அவரும் சுமார் 400 கறுப்பினப் போதகர்களும் சேர்ந்து, நம்மை நல்ல வேலைக்கு வைக்காத நிறுவனத்தின் பொருளை வாங்க வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொன்னார்கள். ஒரு பெரிய கேக் நிறுவனம் முதலில் பணிந்தது. பிறகு வேறு பல.

வேலை கிடைத்தால் போதாது, சொத்தும் வேண்டும் என்று சல்லிவன் நினைத்தார். 1962ல் தன் சபையாரிடம் கேட்டார்: மாதம் பத்து டாலர் வீதம் 36 மாதம் தர எத்தனை பேர் தயார்? அவர் எதிர்பார்த்தது ஐம்பது பேரை. இருநூறுக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். ஒருவர் தருவது மொத்தம் 360 டாலர். முதல் 16 மாதப் பணம் கல்வி, நலப் பணிகளுக்கான அறக்கட்டளைக்கு. அடுத்த 20 மாதப் பணம் லாபத்துக்காக நடக்கும் நிறுவனத்துக்கு. அதில் பணம் போட்டவர்கள் பங்குதாரர்கள். நம் பெண்கள் நடத்தும் சீட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒரே வித்தியாசம், சீட்டுப் பணம் பிரிந்து வீட்டுக்குப் போகும்; இந்தப் பணம் பிரியாமல் நிலத்தில் இறங்கியது.

அந்த முதலைக் காட்டி வங்கிக் கடன் வாங்கி, 1968ல் வட பிலடெல்பியாவின் பிராட் தெருவில் 'புரோகிரஸ் பிளாசா' திறக்கப்பட்டது. முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் வரிசையாகக் கடைகள், ஒரு பெரிய பல்பொருள் அங்காடி. கறுப்பின மக்களே கட்டிச் சொந்தமாக்கி நடத்திய முதல் வணிக வளாகம் என்று அதைச் சொல்கிறார்கள். கடை நடத்தத் தெரியாதவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்தால் அது பாதி உண்மைதான். இங்கேயும் கடைகள் மாறின. சங்கிலிக் கடைகளோடு போட்டி போட முடியாமல் சிறு வியாபாரிகள் திணறினார்கள். 1990களின் இறுதியில் பல்பொருள் அங்காடி மூடப்பட்டது. சுமார் பத்து ஆண்டுகள் அந்த வட்டாரத்து மக்கள் நல்ல காய்கறி வாங்கத் தொலைவு போக வேண்டியிருந்தது. 2009 டிசம்பரில்தான் புதிய அங்காடி திறந்தது. 2010 பிப்ரவரியில், அதிபரின் மனைவி மிஷெல் ஒபாமா, குழந்தைகளின் உணவு பற்றிய தன் இயக்கத்தின் ஒரு பகுதியாக அங்கே வந்து பார்த்தார்.

இரண்டு பிளாசாக்களிலும் கடைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். முதல் பிளாசாவில் இடம் காலியானால், அதிக லாபம் தரும் கடை எது என்று தொலைவில் இருக்கும் உரிமையாளர் பார்ப்பார். இரண்டாவதில், தெருவில் இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்கும் இடத்தில் அந்த மக்களே நிறுவிய அமைப்பு இருந்தது. பத்து ஆண்டு காத்திருந்தும் காய்கறிக் கடையையே மீண்டும் கொண்டு வந்தார்கள்.

காகிதத்துக்குக் காவல்

1892ல் சென்னை மாகாணத்தில் நம் முன்னோருக்கு வழங்கிய பஞ்சமி நிலத்திலும் நிபந்தனை எழுதியிருந்தது. அது நம்மைக் காக்க எழுதியது. பிறர் வாங்கக் கூடாது என்றது. அதைப் பலர் எளிதாக மீறினார்கள். கன்சாஸ் சிட்டியில் கறுப்பின மக்களைத் தள்ளி வைக்க எழுதிய நிபந்தனையோ பல பத்தாண்டுகள் இம்மி பிசகாமல் காக்கப்பட்டது. இரண்டும் காகிதம்தான். எதற்குக் காவல் நிற்க ஆள் இருந்தது என்பதே வேறுபாடு.

எனவே படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது ஒன்று. உங்கள் ஊரில் புதிதாகக் கடைத்தொகுதி எழும்போது யாருக்கு எந்தக் கடை என்று மட்டும் விசாரிக்காதீர்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதற்கு முன் யார் பெயரில் இருந்தது, என்ன நிபந்தனை இருக்கிறது என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும்.